கடைக்கும் மகளுக்கும் ஒரே லேப்டாப் போதுமா?

கும்பகோணம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்தும் 46 வயது சகோதரியின் கடிதம் இது. பெயரையும் அடையாளம் தெரியும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கடை 2011-ல் அவர் கைக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், கோர்ட் மனு, எப்போதாவது ஒரு கவிதைப் புத்தகம். எல்லாமே பேஜ்மேக்கர் 7-லும் கோரல்டிராவிலும், பாமினி எழுத்துருவில். தமிழ் தட்டச்சில் ஹையர் முடித்தவர், சிஸ்டம் மாறினால் விசைப்பலகையும் மாறிவிடுமோ என்று கவலைப்படுகிறார். கம்ப்யூட்டர் 2016-ல் வாங்கியது: ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், சுழலும் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பிரின்டர், கேனான் எல்பிபி 2900. "விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி இந்த மெஷின் ஓடாது" என்று சர்வீஸ் பார்ப்பவர் சொல்லியிருக்கிறார். மகள் இந்த வருடம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறாள், மேக்புக் கேட்கிறாள். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் அண்ணன் மகன், "அத்தை, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க. இலவசம், வைரஸே வராது" என்கிறான். டவுனில் ஒரு கடைக்காரர் 38,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் காட்டுகிறார். ஐ7, விண்டோஸும் ஆபீஸும் "லைஃப்டைம் ஃப்ரீ", பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் தனி. இன்னொரு கடையில் ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப், அதாவது பழையதைச் சரிசெய்து விற்பது, 17,000 ரூபாய். கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம் 70,000. "கடைக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே நல்ல லேப்டாப்பாக வாங்கிவிடலாமா? எந்த சிஸ்டம் வாங்குவது?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "தப்பாக வாங்கிவிட்டால் இன்னொரு முறை வாங்க என்னால் முடியாது."

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசி வரி மனதில் தைத்துவிட்டது. அதை முன்னால் வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் பழைய கம்ப்யூட்டர் ஓடாமல் போகாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. மெஷின் நாளைக்கும் ஆன் ஆகும், பேஜ்மேக்கர் திறக்கும், பிரின்ட் வரும். ஆனால் இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். இன்டர்நெட்டில் இருக்கும் மெஷினுக்கு, அதுவும் நாளெல்லாம் வாடிக்கையாளரின் பென் டிரைவையும் வாட்ஸ்அப் ஃபைலையும் வாங்கிக்கொண்டே இருக்கும் உங்கள் கடை மெஷினுக்கு, அது உண்மையான ஆபத்து. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்புத் திட்டம் அறிவித்திருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்டத் தேவையில்லை. அதையும் நிரந்தரத் தீர்வாக நம்ப வேண்டாம்.

அதே மெஷினில் விண்டோஸ் 11 போடலாமா என்றால், முறைப்படி முடியாது. இன்டெலில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் உள்ள பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது விதி. உங்களுடையது ஆறாம் தலைமுறை. குறுக்கு வழியில் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. தொழில் நடக்கும் மெஷினில் அந்தச் சோதனை வேண்டாம்.

எதையும் வாங்குவதற்கு முன்

லேப்டாப் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். அதில் கடையின் மொத்த ஃபைலையும் காப்பி எடுங்கள். 2016-ஆம் வருடத்து ஹார்டு டிஸ்க் தினமும் எட்டு, பத்து மணி நேரம் சுழல்கிறது. அது போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போகாது. என்னிடம் வந்த ஒரு பெரியவர் தலபுராணம் ஒன்றை இரண்டு வருடம் உட்கார்ந்து டைப் செய்து வைத்திருந்தார். டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது, "ஃபேன் சத்தம்னு நினைச்சேன் தம்பி" என்றார். அதில் ஒரு பக்கத்தைக்கூட என்னால் மீட்டுத் தர முடியவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

ஃபைல்களை மட்டும் எடுத்தால் போதாது. பாமினி உட்பட நீங்கள் பயன்படுத்தும் எல்லா எழுத்துருக்களையும், பிரின்டர் டிரைவரையும், பேஜ்மேக்கர், கோரல்டிரா சிடிக்களையும் சேர்த்து வையுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் ஃபைலுக்குள் தமிழ் இல்லை. பாமினியில் 'அம்மா' என்று நீங்கள் அடிக்கும்போது ஃபைலுக்குள் பதிவாவது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு போய்விட்டால் பதினைந்து வருட உழைப்பும் அப்படியே ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

எந்த சிஸ்டம் என்பதை உங்கள் மேஜைதான் சொல்லும்

மேக் நல்லதா, லினக்ஸ் நல்லதா, விண்டோஸ் நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் மூன்றுமே நல்லவைதான். உங்கள் மேஜையில் என்ன பிரின்டர் இருக்கிறது, எந்த ஃபைலை நாளைக் காலையில் திறந்தாக வேண்டும், கை எந்த விசைப்பலகைக்குப் பழகியிருக்கிறது என்று பார்த்தால் பதில் தானாக வந்துவிடும்.

பேஜ்மேக்கர் 7, 2001-ல் வந்தது. அதன் பிறகு அடோபி அதை வளர்க்கவில்லை. மேக்கில் அது பழைய கிளாசிக் சிஸ்டத்துக்காக எழுதப்பட்டது, இன்றைய மேக்கில் திறக்கவே திறக்காது. அதற்கு அடுத்து வந்த இன்டிசைன்கூட சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், இப்போது மாதச் சந்தாவில் கிடைக்கும் பதிப்புகள் திறக்காது. விண்டோஸ் 11-ல் பேஜ்மேக்கர் 7 பல கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. சில மெஷின்களில் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் வேலை செய்யும்.

அப்புறம் பிரின்டர். எல்பிபி 2900 மாதிரி உழைத்த பிரின்டர் நம் ஊரில் வேறில்லை. ஆனால் அது கேனானுக்கே உரிய ஒரு தனி மொழியில் பேசும் பிரின்டர். லினக்ஸில் அதை ஓட வைப்பது பெரும்பாடு. ஒருநாள் முழுக்க உட்கார்ந்து ஓட வைத்தாலும், அடுத்த பெரிய அப்டேட்டில் மறுபடி மக்கர் செய்யலாம். உங்கள் அண்ணன் மகன் சென்னையில் இருக்கிறார், முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி பத்திரிகை கேட்டு நிற்பவர் உங்கள் வாசலில் இருப்பார். இதை அண்ணன் மகனிடம் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. உபுன்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகள் இலவசம், சட்டப்படியும் சுத்தம். உபுன்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடம் அப்டேட் கிடைக்கும். பென் டிரைவில் வரும் விண்டோஸ் வைரஸ்கள் அதில் ஒட்டாது. ஆனால் "வைரஸே வராது" என்பது சரியில்லை. குறைவாக வரும் என்பதுதான் உண்மை. போலி மின்னஞ்சலை நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் எந்த சிஸ்டமும் காப்பாற்றாது. லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம்.

விசைப்பலகை விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. தமிழ் தட்டச்சில் ஹையர் முடித்த விரல்களை இந்த வயதில் தமிழ்99 என்ற வேறு விசைப்பலகை முறைக்கு மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை, அதற்கு அவசியமும் இல்லை. என்எச்எம் ரைட்டர் என்ற இலவச நிரல் விண்டோஸில் பாமினி முறையையும் பழைய டைப்ரைட்டர் முறையையும் வைத்துக்கொண்டே யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையில், எழுதவிடும். லினக்ஸிலும் தட்டச்சு முறை உண்டு. மேக்கில் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகை முறைகள் உள்ளேயே வருகின்றன, ஆனால் உங்கள் விரலுக்குப் பழக்கமானது தட்டச்சு முறைதானே.

ஆக, கடைக்கு விண்டோஸ்தான். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

ஒரே லேப்டாப் ஏன் வேண்டாம்

மகள் காலையில் கல்லூரிக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போவாள். உங்கள் கடை திறப்பதும் காலையில்தான். இதை யோசித்திருப்பீர்கள், ஆனால் "எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்" என்று நினைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. முதல் செமஸ்டர் லேப் தேர்வன்றே அந்தச் சமாளிப்பு உடைந்துவிடும். போதாததற்கு, கடையில் வாடிக்கையாளரின் பென் டிரைவ் நுழையும் அதே மெஷினில் மகளின் படிப்பும் உங்கள் வங்கி வேலையும் இருப்பது நல்லதல்ல.

கடைக்கு லேப்டாப் தேவையே இல்லை. நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போவதில்லை. 17,000 ரூபாய் ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்பை ஒரு நிபந்தனையோடு வாங்கலாம் என்பேன்: பிராசஸர் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மாடல் எண்ணைப் படிப்பது சுலபம். ஐ5-8400 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் 8, அதுதான் தலைமுறை. ஐ5-6500 என்றால் ஆறு, அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எண் ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு எண்களைப் பாருங்கள்: 10400 என்றால் பத்தாம் தலைமுறை. ராம் 8 ஜிபியாவது, எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான டிஸ்க் 256 ஜிபியாவது இருக்கட்டும். உங்கள் மானிட்டர், கீபோர்டு பழையவையே போதும்.

பழைய கம்ப்யூட்டரை விற்காதீர்கள். அதற்கு மூவாயிரம்கூடத் தர மாட்டார்கள். இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, பழைய ஃபைல்களைத் திறப்பதற்கென்றே ஓரமாக வையுங்கள். புதிய மெஷினில் ஏதாவது ஒரு பழைய பத்திரிகை அடம்பிடித்தால் இது கை கொடுக்கும்.

புதிய வேலைகளை மெல்ல மெல்ல யூனிகோடில் செய்யப் பழகுங்கள் என்பதையும் உரிமையோடு சொல்கிறேன். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை அரசுத் தரமாக அறிவித்துவிட்டது. இப்போது வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெயர்ப் பட்டியல் எல்லாம் யூனிகோடில்தான் வருகிறது, அதைப் பார்த்து நீங்கள் மறுபடி பாமினியில் அடிக்கிறீர்கள். அந்த இரட்டை வேலை மிச்சமாகும். பத்திரிகைக்கு இங்க்ஸ்கேப், புத்தகத்துக்கு ஸ்கிரைபஸ், மனுவுக்கு லிப்ரே ஆபீஸ், மூன்றும் இலவசம். ஸ்கிரைபஸில் 1.6-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ போடுங்கள், பழைய பதிப்பில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஒரே நாளில் மாற வேண்டியதில்லை. மாதம் ஒரு பத்திரிகையை மட்டும் புது முறையில் செய்து பாருங்கள்.

மகளுக்கு

மகளின் ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். 2020 இறுதியில் ஆப்பிள் தன் சொந்த பிராசஸருக்கு மாறியதிலிருந்து மேக்புக் ஏர், விசிறியே இல்லாமல், சத்தமில்லாமல், ஒரு முழு நாள் சார்ஜ் நிற்கும் நல்ல கருவி. ஆனால் எம்4 ஏர் 2025 மார்ச்சில் வந்தபோது இந்தியாவில் அதன் தொடக்க விலை 99,900 ரூபாய். ராம், ஸ்டோரேஜ் இரண்டும் போர்டோடு சேர்ந்தவை, பின்னால் கூட்ட முடியாது. பி.எஸ்சி. பாடத்தில் வரும் சி, ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ் எல்லாம் மூன்று சிஸ்டத்திலும் ஒரே மாதிரி ஓடும். ஐபோனுக்கு ஆப் எழுதுவது ஒன்றுக்குத்தான் மேக் கட்டாயம். அந்த வேலைக்குப் போகும்போது தன் சம்பளத்தில் அவளே வாங்கிக்கொள்வாள். இதை நீங்கள் "நம்மால் முடியாது" என்று சொல்லாமல், "உன் பாடத்துக்கு என்னென்ன வேண்டும், பட்டியல் போடு" என்று அவளிடமே கொடுத்துப் பாருங்கள்.

48,000 ரூபாய்க்குள் ஒரு நல்ல விண்டோஸ் லேப்டாப் தேடுங்கள். ராம் 16 ஜிபி இருந்தால் சிறப்பு. 8 ஜிபிதான் கிடைக்கிறது என்றால், கூடுதல் ராம் போட இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி 512 ஜிபி. எடை ஒன்றரை கிலோ அளவில் இருந்தால் பஸ்ஸில் தூக்கிப் போக முடியும். சர்வீஸ் சென்டர் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ இருக்கிறதா என்பதை விளம்பரத்தைவிட முக்கியமாகப் பாருங்கள். ஸ்னாப்டிராகன் பிராசஸர் லேப்டாப்கள் சார்ஜில் கெட்டி, ஆனால் உங்கள் எல்பிபி 2900 போன்ற பழைய பிரின்டர்களின் டிரைவர் அவற்றில் ஏறாது. ஆத்திர அவசரத்துக்கு அந்த லேப்டாப்பைக் கடையில் செருக முடியாமல் போகும். கூகுளின் குரோம் சிஸ்டத்தில் ஓடும் குரோம்புக் வேண்டாம்.

லினக்ஸ் கற்றுக்கொள்ளட்டும், நிச்சயம் கற்றுக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11-க்குள்ளேயே உபுன்டுவைத் திறக்கும் டபிள்யூஎஸ்எல் வசதி இருக்கிறது. இல்லையென்றால் 8 ஜிபி பென் டிரைவில் மின்டைப் போட்டு, லேப்டாப்பில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அண்ணன் மகனுக்கு அவ்வளவு ஆர்வம் இருக்கிறதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

அந்த 38,000 ரூபாய் லேப்டாப்

இதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வாங்காதீர்கள். ஐ7 என்ற பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது எந்தத் தலைமுறை என்று அவர் சொல்லவில்லை. ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ7 லேப்டாப் பிராசஸர்கள் பலவற்றில் கோர் எனப்படும் வேலை செய்யும் பகுதி இரண்டே இரண்டுதான். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 அவற்றை எளிதாக முந்திவிடும்.

"லைஃப்டைம் ஃப்ரீ" விண்டோஸும் ஆபீஸும் பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் சரி. 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வந்தால், தனி ஆளுக்கு விற்கும் மெஷினில் அப்படி வருவதற்கு நியாயமே இல்லை. 17,000 ரூபாய் டெஸ்க்டாப்பிலும் இதைப் பாருங்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி குற்றம்: ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுக் கொடுக்கலாம். நீங்கள் கடை வைத்திருப்பவர், அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது. தண்டனையைவிட நடைமுறை ஆபத்து பெரிது. ஆக்டிவேட் செய்ய அவர்கள் ஓட்டும் அந்தச் சின்ன நிரலுக்காக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், பல வைரஸ்கள் உள்ளே வரும் வழியே அதுதான்.

பில்லுக்குத் தனியாக 18 சதவீதம் என்பது ஏமாற்று வேலை. விலை சொல்லும்போதே ஜிஎஸ்டி உட்பட என்ன என்று கேளுங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறையாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான்.

"கடைக்கு வாங்கினால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதாமே" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அது முழு உண்மை இல்லை. வியாபாரத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. உங்கள் கடை அதற்குள் வரும் என்றே நினைக்கிறேன். தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை மகளை விட்டு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

கணக்கு இப்படி வருகிறது: லேப்டாப் 48,000, டெஸ்க்டாப் 17,000, மீதம் 5,000 எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு. இறுக்கம்தான். லேப்டாப்பில் ஆஃபர் ஏதாவது கிடைத்தால் அந்தப் பணத்தை டெஸ்க்டாப்பின் ராமில் போடுங்கள்.

டெஸ்க்டாப் வாங்கப் போகிற அன்றைக்கு ஒரு ஆட்டோ பிடித்து எல்பிபி 2900-ஐயும் கூடவே கொண்டுபோங்கள். பென் டிரைவில் பாமினியும், பேஜ்மேக்கரும், உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருக்கட்டும். அந்தக் கடையிலேயே, அந்த மெஷினிலேயே எல்லாவற்றையும் போட்டு ஒரு தாள் அடித்துப் பாருங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார், பரவாயில்லை. தாளில் ஒற்றும் கொம்பும் நின்ற இடத்தில் நிற்கின்றன என்று பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.